கொதிக்க வேண்டியது மசாலா, மது அல்ல

வணக்கம். உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் கடைசியில் கோலாலம்பூரிலிருந்து குடும்பத்தோடு கேமரன் மலைக்குப் போகிறீர்கள். ஐரோப்பாவில் பனிக்கால மாலைகளில் குடிப்பதுபோல், மசாலா மணக்கும் சூடான காக்டெயில் ஒன்றை அங்கே எல்லாருக்கும் செய்து கொடுக்க ஆசைப்படுகிறீர்கள். ஒத்திகையாக வீட்டில் ஒரு போத்தல் சிவப்பு ஒயினில் கரம் மசாலாத் தூள், சீனி, ஆரஞ்சுத் துண்டுகள் எல்லாம் போட்டு அரைமணி நேரம் கொதிக்கவைத்தீர்கள், கிடைத்தது கஷாயம். கசக்காத செய்முறை ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பாத்திரத்தில் எது கெட்டது என்பது தெரியாமல் வேறொரு செய்முறையைக் கையில் கொடுத்தால் அதுவும் கசக்கலாம். அதனால் காரணத்திலிருந்து தொடங்குகிறேன்.

பினாங்கில், ஜார்ஜ்டவுன் ஹோட்டல் ஒன்றின் மதுக்கூடத்தில் பானம் கலப்பது என் தொழில். டிசம்பர் வந்துவிட்டால் ஜெர்மனியிலிருந்தும் வடக்கு ஐரோப்பாவிலிருந்தும் வரும் விருந்தினர்கள் சூடான ஒயின் கேட்பார்கள். அவர்கள் ஊரில் கிறிஸ்துமஸ் சந்தைகளில் நின்றுகொண்டே குடித்துப் பழகியவர்கள். கசந்தால் ஒரு வாயோடு குவளையை வைத்துவிடுவார்கள். அவர்களுக்குச் செய்து செய்து என் மனத்தில் நிலைத்துவிட்ட முறை ஒன்று உண்டு. மசாலாவுக்குச் சூடும் நேரமும் வேண்டும். மதுவுக்கு இரண்டுமே ஆகாது. ஆகவே மசாலாவின் வேலையைத் தண்ணீரிலும் இனிப்பிலும் முடித்துவிட்டு, மதுவைக் கடைசியில் சேர்க்க வேண்டும்.

உங்கள் பாத்திரத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. மதுவிலுள்ள எத்தனால் தனியாக 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ஒயினில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் அது 90 டிகிரிக்குச் சற்று மேலேதான் கொதிக்கத் தொடங்கும். அதற்கு வெகு முன்பே பழத்தின் வாசனை ஆவியோடு போய்விடுகிறது. சமையலறை முழுவதும் மணந்திருக்குமே, குவளைக்குள் இருந்திருக்க வேண்டிய மணம் அது. பிறகு தண்ணீரும் வற்ற, சிவப்பு ஒயினின் துவர்ப்பும் புளிப்பும் இறுகிவிடுகின்றன. இரண்டாவது குற்றவாளி தூள். கரம் மசாலாவில் சீரகமும் மல்லியும் மிளகும் இருக்கின்றன. அது இறைச்சிக் குழம்புக்கு அமைந்த கலவை. தூளை முழுதாக வடிகட்டவும் முடியாது. துணியில் வடித்தாலும் நுண்மையான துகள் தங்கி, குவளையிலும் கசப்பை இறக்கிக்கொண்டே இருக்கும். மூன்றாவது, ஆரஞ்சுத் தோலுக்கு உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி. அரைமணி நேரம் கொதித்தால் அது தன் கசப்பையெல்லாம் கொடுத்துவிடும். இந்த மூன்றும் உறுதி. நான்காவதாக, ஒயினே துவர்ப்பு மிகுந்த வகையாக இருந்திருக்கலாம். எந்த ஒயின் என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் அதை ஐயத்தோடுதான் சொல்கிறேன்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லியாக வேண்டும். கொதித்த ஒயினில் போதை போய்விடும், பிள்ளைகளுக்கும் கொஞ்சம் கொடுக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. அமெரிக்க வேளாண்மைத் துறை வெளியிட்ட அட்டவணைப்படி, சமையலில் சேர்த்த மது 15 நிமிடம் கொதித்த பிறகும் ஏறக்குறைய 40 விழுக்காடு மிஞ்சுகிறது. 30 நிமிடத்துக்குப் பிறகு 35, ஒரு மணி நேரத்துக்குப் பிறகு 25. பாத்திரத்தின் அகலத்தையும் அடுப்பின் வேகத்தையும் பொறுத்து இந்தக் கணக்கு மாறும். மாறினாலும், அரைமணி நேரம் கொதித்த ஒயின் பிள்ளைகளுக்கான பானமாக ஆகாது. மணம் முழுவதும் போய், போதையில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சிய திரவம் யாருக்குத்தான் வேண்டும்?

இனிச் செய்முறைக்கு வருகிறேன். கேமரன் மலைக்கு நான் ஒயினைவிட ரம்மைத்தான் பரிந்துரைப்பேன். நம் மசாலாவும், தென்னை வெல்லமான குலா மலாக்காவும், கரும்பிலிருந்து வந்த கருநிற ரம்மோடு சண்டையில்லாமல் சேரும். ஆறு குவளைக்கு 900 மில்லி தண்ணீர். 40 கிராம் இஞ்சியைத் தோலோடு கழுவி நசுக்கிப் போடுங்கள். பெந்தோங் இஞ்சி கிடைத்தால் நல்லது, அதன் காரம் தனி. விரல் நீளப் பட்டை ஒன்று, கிராம்பு நான்கு, வாய் திறக்கும் அளவுக்குத் தட்டிய ஏலக்காய் ஐந்து, மிளகு ஆறு, அன்னாசிப்பூவில் பாதி. அன்னாசிப்பூவை முழுதாகப் போட்டால் மற்ற எல்லாவற்றையும் அது விழுங்கிவிடும். கிராம்பும் அப்படித்தான். அதிலுள்ள யூஜெனால் என்ற எண்ணெய் நாக்கை மரக்கச் செய்யும். பல்வலிக்குக் கிராம்பை வைப்பதும் அதனால்தான். நான்கு கிராம்பு போதும் என்றால் போதும். 120 கிராம் குலா மலாக்காவை உடைத்துச் சேர்த்து, எல்லாம் ஒன்றாகக் கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மூடிவைத்து 10 நிமிடம் விடுங்கள். அடுப்பை அணைத்த பிறகு, வெள்ளை ஒட்டாமல் மெல்லியதாகச் சீவிய ஆரஞ்சுத் தோல் மூன்று நாடா அளவும், நல்ல தேயிலை இரண்டு தேக்கரண்டியும் போடுங்கள். மூன்று நிமிடத்தில் வடிகட்டிவிட வேண்டும். ஒயின் இல்லாத பானத்துக்குத் தேயிலையின் லேசான துவர்ப்புதான் வாயில் ஒரு கனத்தைக் கொடுக்கிறது. மூன்று நிமிடம் ஆறாகிவிட்டால் மறுபடியும் கஷாயம்தான்.

மலையில் ஒரு சிறு திருத்தம். கேமரன் மலையின் தானா ராத்தா நகரம் ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 300 மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை ஒரு டிகிரி அளவுக்குக் குறையும். அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். பட்டையும் இஞ்சியும் இறங்கச் சற்று கூடுதல் நேரம் எடுக்கும். 10 நிமிடத்தை 13 ஆக்கிக்கொள்ளுங்கள். தேயிலைக்கும் நான்கு நிமிடம் வரை கொடுக்கலாம். கீழே செய்து சரியாக வந்தது மேலே சப்பென்று இருப்பதாகச் சிலர் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

கைப்பிடி உள்ள கனமான பீங்கான் குவளையை வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டிவிட்டு, அதில் 40 மில்லி ரம், லிமாவ் கஸ்தூரி என்ற சிறு எலுமிச்சை ஒன்றின் சாறு, பிறகு 120 மில்லி சூடான மசாலா நீர். இந்த வரிசையில் ஊற்றினால் கிளறவே தேவையில்லை. 90 டிகிரியில் இருக்கும் நீர், அறைச் சூட்டில் இருக்கும் ரம்மோடு சேர்ந்ததும் 70 டிகிரி அளவுக்கு இறங்கும். இரண்டு மூன்று நிமிடம் பொறுத்துக் குடியுங்கள். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களை வழக்கமாகக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு இட்டுச்செல்லக்கூடும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியிருக்கிறது. அது ஒருபுறம் இருக்க, அந்தச் சூட்டில் மதுவின் ஆவி மூக்கில் ஏறி மசாலாவை மறைத்துவிடும். சற்று ஆறினால்தான் ஏலக்காய் தெரியும். ரம் போத்தலை எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில் திறக்க வேண்டாம்; பாத்திரத்திலும் ஊற்ற வேண்டாம். சூட்டில் எழும் ஆவி கேஸ் தீயில் பற்றிக்கொள்ளும். தொழிலில் இருப்பவர்களே இதில் புருவத்தைக் கருக்கிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, குவளையின் மேலே ஜாதிக்காயை இரண்டு இழுப்பு துருவிவிடுங்கள். இதைப்பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்; பினாங்குக்காரனுக்கு இதில் தனிப் பிரியம் உண்டு. ஜாதிக்காயின் தாயகம் இந்தோனேசியாவின் பண்டா தீவுகள். மொலுக்காஸ் தீவுகளை 1796இல் ஆங்கிலேயர் டச்சுக்காரர்களிடமிருந்து கைப்பற்றிய பிறகு, கிழக்கிந்தியக் கம்பெனி அங்கிருந்து ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளைப் பினாங்குக்குக் கொண்டுவந்து நட்டது. ஐரோப்பியரின் பனிக்காலக் குவளைகளுக்கு இங்கிருந்தும் ஜாதிக்காய் போனது. 1860 வாக்கில் நோய் தாக்கிப் பெரும் தோட்டங்கள் அழிந்தன. ஆனாலும் பாலிக் புலாவ் பக்கம் மரங்கள் இன்றும் காய்க்கின்றன. ஜார்ஜ்டவுன் சௌரஸ்தா சந்தையில் ஜாதிக்காய்ச் சதையை ஊறுகாயாகவும் சீனிப் பாகில் காயவைத்தும் விற்கிறார்கள். உங்களுக்கு வேண்டியது சதை அல்ல, கொட்டை. ஓட்டோடு கேட்டு வாங்குங்கள். காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே பருப்பு கடகடவென்று உருள வேண்டும். அப்போதுதான் அது சரியாகக் காய்ந்தது. உடைத்துத் துருவும்போது வெட்டுமுகத்தில் பழுப்பும் வெள்ளையுமாகப் பளிங்குக்கல் போன்ற வரிகள் தெரியும்; விரலில் மெல்லிய எண்ணெய் ஒட்டும். தூளாக விற்பதில் அந்த எண்ணெயின் மணம் பெரும்பாலும் போயிருக்கும். ஆனால் அளவு மீறக் கூடாது. ஜாதிக்காயில் மிரிஸ்டிசின் என்ற பொருள் இருக்கிறது. ஐந்து கிராம் வாக்கில் தூள் உள்ளே போனால் வாந்தி, படபடப்பு, மனக்குழப்பம் வரை போகலாம். இரண்டு இழுப்பு என்பது அந்த அளவுக்கு வெகு கீழே.

பட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது தடித்த பட்டையான காசியா வகை. இலங்கைப் பட்டை மெல்லிய தாள்களைச் சுருட்டியதுபோல் பல அடுக்காக இருக்கும், கையால் நொறுக்கலாம். காசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம். நாள்தோறும் நிறையச் சாப்பிட்டால் சிலருக்கு ஈரலைப் பாதிக்கக்கூடியது. விடுமுறையில் இரண்டு மாலை குடிக்கும் பானத்துக்கு இது கவலைப்படும் விஷயம் அல்ல. சுவையில் சொன்னால், ரம்முக்குக் காசியாவின் முரட்டுத்தனம் பொருந்தும். ஒயினுக்கு இலங்கைப் பட்டையின் மென்மை. மசாலாவை முதலில் வெறும் சட்டியில் வறுக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. வறுத்தால் லேசான புகை வாசம் வரும். ரம்மில் எனக்கு அது பிடிக்கும், ஒயினில் பிடிக்காது. இதில் சரி தவறு கிடையாது. நாக்குக்கு நாக்கு வேறுபடும்.

ஒயின்தான் வேண்டும் என்றால் அதே முறையைச் சுருக்கிக்கொள்ளுங்கள். 150 மில்லி தண்ணீரில் 80 கிராம் சீனி, ஒரு பட்டை, கிராம்பு மூன்று, ஏலக்காய் மூன்று போட்டு 10 நிமிடம் காய்ச்சினால் நீர்த்த பாகாக வரும். அடுப்பை அணைத்து ஆரஞ்சுத் தோல் சேர்த்து, ஐந்து நிமிடம் விட்டு வடிகட்டுங்கள். பிறகு 750 மில்லி ஒயினை ஊற்றி, மிகச் சிறிய தீயில் சூடாக்குங்கள். வெப்பமானி இல்லாவிட்டால் கண்ணே போதும். மேற்பரப்பிலிருந்து ஆவி மெல்ல எழ வேண்டும். பாத்திரத்தின் அடியில் ஊசிமுனை அளவுக் குமிழ்கள் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவை மேலே ஏறத் தொடங்கினால் சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள். குமிழ்கள் அடியில் ஒட்டி நிற்கும் நிலைதான் 70 டிகிரிக்கு அருகில் இருப்பது. உடனே பரிமாறலாம். விலை உயர்ந்த ஒயின் வீண்செலவு. மெர்லோ போன்ற, துவர்ப்புக் குறைந்த, பழச்சுவை உள்ள ஒன்றை எடுங்கள். மரப்பீப்பாய் மணம் தூக்கலாக இருக்கும் காபர்னே வகையைத் தவிர்த்துவிடுங்கள். கெட்டுப்போன ஒயினை மசாலாவால் மறைத்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். சூடு பட்டால் அந்த நாற்றம் எழுந்து நிற்கும். ஜெர்மானியர்களின் சூடான ஒயினுக்கு ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஆகக் குறைந்தது 7 விழுக்காடு மது இருந்தாக வேண்டும். பட்டையோ கிராம்போ முதன்மை மணமாக இருக்க வேண்டும். மற்றபடி வீட்டுக்கு வீடு கைப்பக்குவம்தான்.

"குளிருக்கு நல்லதுதானே?" என்றும் கேட்டிருந்தீர்கள். நான் மருத்துவன் அல்ல. ஆனால் இதில் அடிப்படை உண்மை நன்றாக நிறுவப்பட்டது. மது தோலுக்கு அடியில் உள்ள இரத்தக்குழாய்களை விரிக்கிறது. அதனால் முகமும் கையும் கதகதக்கின்றன. அதே வழியாக உடலின் உள்சூடு வெளியேறுகிறது. உடல் தன்னைக் காத்துக்கொள்ள நடுங்குவதையும் மது மந்தப்படுத்துகிறது. கேமரனில் இரவு 15, 16 டிகிரி அளவில்தான் இருக்கும். ஸ்வெட்டர் போட்டு வீட்டுக்குள் இருப்பவருக்கு இதனால் ஆபத்தில்லை. உண்மையான பனிநாட்டுக்குப் போகும் பிள்ளைகளிடம் மட்டும், வெளியே குளிரில் நிற்பதற்கு முன் குடித்துவிட்டுப் போகாதே என்று சொல்லியனுப்புங்கள். சளிக்கு இது மருந்து என்பது ஐயத்துக்குரியது. கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2008இல் வெளிவந்த ஆய்வொன்றில், சளி பிடித்தவர்களுக்குச் சூடான பழப்பானம் தொண்டை வலியிலும் மூக்கொழுகலிலும் உடனடி ஆறுதல் தந்தது. அதே பானம் அறைச் சூட்டில் மூக்கொழுகலுக்கு உதவியது, தொண்டை வலிக்கு உதவவில்லை. அந்தப் பானத்தில் மது இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆறுதல் சூட்டிலிருந்தும் இனிப்பு புளிப்பிலிருந்தும் வருகிறது. சளி மாத்திரை போட்டிருப்பவர், இரத்த அழுத்தத்துக்கோ நீரிழிவுக்கோ மருந்து எடுப்பவர் ரம் சேர்க்கும் முன் தம் மருத்துவரையோ மருந்தகத்தையோ கேட்பதே முறை. அதில் என் சொல்லைக் கேட்க வேண்டாம்.

இதனால்தான் மசாலா நீரைத் தனியாகக் காய்ச்சும் முறையை வற்புறுத்துகிறேன். ஒரே பாத்திரத்திலிருந்து எல்லாருக்கும் ஊற்றலாம். உங்கள் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் ரம் இல்லாமல், கஸ்தூரிச் சாறு கொஞ்சம் கூடுதலாக. முழுப் பானத்தையும் தேயிலை போடாமல் காய்ச்சிவிட்டால் சின்னப் பிள்ளைகள் இரவில் நன்றாகத் தூங்குவார்கள். பால் சேர்க்க விரும்பினால் கஸ்தூரியை விட்டுவிடுங்கள், இல்லையேல் பால் திரிந்துவிடும். முஸ்லிம் நண்பர்கள் வந்தால் மது படாத பாத்திரமும் கரண்டியும் குவளையும் ஒதுக்கி வையுங்கள்.

குடிக்காதவரை "ஒரு வாய்தானே" என்று யாரும் வற்புறுத்த இடம் கொடுக்காதீர்கள். மது பரிமாறிப் பிழைப்பவன் இதைச் சொல்வதா என்று கேட்கலாம். இந்த நாட்டில் நம் மக்களுக்கு மதுவோடு உள்ள வரலாறு எனக்குத் தெரியும். தோட்டங்களில் கூலியின் ஒரு பகுதி கள்ளுக்கடைக்கே திரும்பிப் போன காலம் இருந்தது. அதை எதிர்த்து 1946, 47இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்திருக்கிறார்கள். சம்சு என்ற மலிவுச் சாராயத்தால் சிதைந்த குடும்பங்கள் எல்லாருடைய உறவிலும் உண்டு. எனவே ஒரு குவளையில் எவ்வளவு இருக்கிறது என்பதைத் தெரிந்தே ஊற்றுங்கள். 40 விழுக்காடு ரம் 40 மில்லி என்றால் 16 மில்லி தூய மது, ஏறக்குறைய 12, 13 கிராம். இனிப்பும் சூடும் அதை மறைத்துவிடுவதால், கண்ணளவில் ஊற்றினால் இரண்டு மடங்கு போவது தெரியாது. அளவுக்குவளை ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். முத்திரை உடையாத போத்தலாக, உரிமம் உள்ள கடையில் வாங்குங்கள். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மலிவு மது பல உயிர்களைக் குடித்தது. சூடாக்கினால் அந்த நஞ்சு போய்விடும் என்று நம்பவே கூடாது. வாகனம் ஓட்டுபவருக்கு ரம் இல்லாத குவளைதான். 2020இல் சட்டம் திருத்தப்பட்டு, இரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராம் என்று வரம்பு இறக்கப்பட்டிருக்கிறது. தாப்பா மலைப்பாதையின் வளைவுகளுக்கு அந்த 50கூட அதிகம்.

மசாலா நீரைப் புறப்படுவதற்கு முந்தின நாள் வீட்டிலேயே காய்ச்சி, வடித்து, ஆறவைத்து, சுத்தமான கண்ணாடிப் போத்தலில் குளிர்பெட்டியில் கொண்டுபோகலாம். குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாள் தாங்கும். மசாலாவை உள்ளே மிதக்கவிட்டு வைக்காதீர்கள். கிராம்பு இரவெல்லாம் வேலை செய்துகொண்டே இருக்கும். தேயிலை, கஸ்தூரி, ஜாதிக்காய் மூன்றும் மேலே போய்ச் சேர்ந்த பிறகு. மறுபடி சூடாக்கும்போது ஒரு கொதி வந்தால் போதும். அதன் பிறகு ருசி பார்த்து, காரம் மிஞ்சியிருந்தால் வெந்நீரும், இனிப்புப் போதாவிட்டால் ஒரு துண்டு குலா மலாக்காவும் சேர்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.